சித்திரையில் பூக்கும் ஐப்பசி மழை

வாசல் தோட்டம் – 11

பங்குனி பிறந்துவிட்டால் செஞ்சிக் கோட்டை ஏற வருகிறவர்கள் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ராஜகிரியில் ஏறி இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் பாறையில் கை வைக்க முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியிலும் விட்டுக்கொண்டே இருக்கும். மலையடிவாரத்துத் தெருக்களில் விசிறி மட்டை மறுபடி கைக்கு வருகிற காலம் இது.

அதே தெருக்களில் வாசல் வாசலாகப் பூ கொட்டுகிற காலமும் இதுதான். குண்டுமல்லி கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கிறது. ஒரு இலைகூட இல்லாத ஈழத்தலரிக் கிளையில் வெள்ளைப் பூ நிற்கிறது. மதில்மேல் காகிதப்பூ கண்ணைப் பறிக்கிறது. நட்டு வைத்ததையே மறந்துபோன தொட்டியிலிருந்து ஃபுட்பால் லில்லியின் தண்டு எட்டிப் பார்க்கிறது. இவை எதுவும் இந்த வருஷம் விதைத்தவை அல்ல. ஒருமுறை நட்டால் பத்து, பதினைந்து வருஷம் கூடவே இருக்கும் பல்லாண்டுச் செடிகள்.

நம் பழைய பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். கத்தரி வெயில் கொளுத்தும் மாதங்களுக்குப் போய் வசந்தம் என்று பெயர் வைத்தார்களே என்று சிரிக்கிறவர்கள் உண்டு. செடிகளிடம் கேட்டால் கணக்கு சரிதான் என்று சொல்லும்.

குளிர்நாட்டுச் செடி பனியில் ஓய்வெடுத்து, பனி உருகியதும் பூக்கிறது. டியூலிப் கிழங்கு சுமார் மூன்று மாதம் நல்ல குளிரில் கிடக்காவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. ஸ்ரீநகரில் 2007-ல் திறந்த டியூலிப் தோட்டம் மார்ச் கடைசியில் களைகட்டுவதற்குக் காரணம், அதற்கு முந்தைய மாதங்களின் பனி. செஞ்சியில் அந்தப் பனியின் வேலையைச் செய்வது வறட்சி. ஐப்பசி, கார்த்திகையில் மழையை வாங்கிக்கொள்கிற செடி, மார்கழியிலிருந்து மாசிவரை ஈரம் குறையக் குறைய அடங்கி, வாங்கியதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பங்குனி, சித்திரையில் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது கத்தரி எடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்கிற மூன்றும் பிடிபட்டுவிடும்.

குண்டுமல்லி: வெட்டினால்தான் பூ

"செடி புதர் மாதிரி அடர்ந்து கிடக்கிறது, பூ மட்டும் இல்லை." மல்லி வளர்க்கிறவர்கள் சொல்லும் முதல் குறை இது. பெரும்பாலும் காரணம், செடியின்மேல் வைத்திருக்கும் பாசம். கத்தரியே படாத மல்லி இலையைத்தான் வளர்க்கும். அதன் மொட்டு வருவது புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில். பழைய கிளையை வெட்டினால் புதுக்கிளை. புதுக்கிளை வந்தால் மொட்டு.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே இருப்பதைக் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. செஞ்சிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்லும் சிறு திருத்தம் ஒன்று உண்டு: காலண்டரைப் பார்ப்பதைவிட வானத்தைப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் நவம்பர் கடைசி என்பது மழை முடிந்த காலம் அல்ல. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, டிசம்பர் 1 காலைவரையான 24 மணி நேரத்தில், செஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. வெட்டுக்காயம் ஆறாத மல்லி அப்படி ஒரு தண்ணீரில் நின்றால் வேர் அழுகிவிடும். மழை ஓய்ந்து, மண்ணை அள்ளினால் உதிரும் பதம் வந்தபிறகு, மார்கழியில் வெட்டினாலும் குடி முழுகிவிடாது. பூ சில நாள் தள்ளி வரும், அவ்வளவுதான்.

கவாத்துக்கு முன்பு தண்ணீரைக் குறைத்துச் செடியைக் கொஞ்சம் வாட விடுவது நல்லது. வெட்டிய பிறகு மீதமிருக்கும் இலைகளை உருவிவிட்டு, காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை, குறுக்கே ஓடும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி மக்கிய தொழுவுரம் போட்டு, பிறகு நிறையத் தண்ணீர். தை முழுக்க வாசலில் வெறும் குச்சிதான் நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் திட்டினால் பங்குனிவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

வெட்டியும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். மல்லிக்குக் குறைந்தது அரைநாள் நேர்வெயில் வேண்டும். பக்கத்து வீட்டு மாடி உயர்ந்து நிழல் விழத் தொடங்கிய வருஷத்திலிருந்து பூ குறைந்திருக்கலாம். அடுத்த சந்தேகம் உரத்தின்மேல். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கறுத்துச் செழிக்கும், மொட்டு வராது. இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீரிலும் இது வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து இலைமேல் தெளித்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும்.

மொட்டு ஊதா நிறமாகி, துளை விழுந்து வாடினால் மொட்டுப்புழு. மொட்டின் அடி வீங்கி நிறம் மாறினால் மொட்டு ஈ. நாலைந்து செடி இருக்கும் வீட்டில் மருந்தடிக்க ஓட வேண்டாம். கெட்ட மொட்டை அன்றன்றே கிள்ளி அழித்து, தூரைக் கிளறி வேப்பம்பிண்ணாக்கு தூவுங்கள். மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். மண்ணைக் கிளறினால் பாதி வேலை முடிந்தது.

குண்டுமல்லி நம் பக்கத்தில் விதையில் வருவதில்லை; பதியன் போட்டோ குச்சி நட்டோதான் பெருக்க வேண்டும். நாற்றுக்குப் பெயர்போன ஊர் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம். அந்த மணலில் வேர்பிடித்த நாற்றுகள்தான் தமிழ்நாட்டின் மல்லித் தோட்டங்கள் பலவற்றுக்குத் தாய்வீடு. புவிசார் குறியீட்டை 2013-ல் வாங்கியது மதுரை மல்லி. அதே இனம்தான் பிலிப்பைன்ஸின் தேசியப் பூ. இந்தோனேசியாவும் அதைத் தேசியப் பூக்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. வாசனைக்கு மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். செஞ்சி வாசலில் சாயங்காலம் அவிழ்கிற பூவும் தலை குனிய வேண்டியதில்லை.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

செஞ்சிக் கோட்டை கைமாறிய கதை நீளமானது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் எட்டாண்டு முற்றுகைக்குப் பிறகு மொகலாயப் படை பிடித்தது. தேசிங்கு ராஜா 1714-ல் போரில் விழுந்தார். 1750-ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை பிடித்து, 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தது. பிரெஞ்சுக் கொடி இங்கே பறந்தது பதினோரு வருஷம். ஆனால் செஞ்சி வாசல்களில் இரண்டு பிரெஞ்சுப் பெயர்கள் இன்னும் குடியிருக்கின்றன.

முதலாவது ப்ளூமியர். பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் தீவுகளில் செடி தேடி அலைந்த பிரெஞ்சுத் துறவி. ஈழத்தலரிக்குத் தாவரவியலில் வழங்கும் ப்ளூமேரியா என்ற பெயர் அவருடையது. கோயில் குளக்கரையில் எல்லாம் நிற்பதால் நம்மூர் மரமென்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பிறந்தகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்ப நாடுகளும். சதைப்பிடிப்பான கிளையில் தண்ணீரைச் சேர்த்துவைத்து, காய்ந்த மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். செத்துவிட்டதோ என்று பயந்து தண்ணீரை ஊற்றி அழுக வைப்பவர்கள் ஏராளம். கிளையை லேசாகக் கீறிப் பாருங்கள். பால் வந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். வெயில் ஏறியதும் நுனியில் பூ வரும், இலை பிறகு வரும். புதிதாக வைப்பதானால் இதுதான் சமயம்: வெட்டிய கிளையை ஒரு வாரம் நிழலில் போட்டு, பால் காய்ந்தபிறகு நடுங்கள். ஒரு வேடிக்கை, இந்தப் பூவில் தேன் கிடையாது. ராத்திரியில் மணத்தை வீசி அந்துப்பூச்சிகளை வரவழைத்து, வெறுங்கையோடு அனுப்பிவிடும்.

இரண்டாவது புகேன்வில். 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றியவர். அந்தப் பயணத்தில் உடன்போன தாவரவியலாளர் கொம்மெர்சன், 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு முட்கொடியைக் கண்டு, தலைவரின் பெயரையே வைத்தார். நாம் காகிதப்பூ என்கிறோம். பிரெஞ்சுப் படை செஞ்சியைவிட்டுப் போய் ஆறு வருஷம் கழித்துத்தான் அந்தச் செடிக்கே பிரெஞ்சுப் பெயர் கிடைத்தது. படை திரும்பி வரவில்லை. செடி வந்து மதிலைப் பிடித்துக்கொண்டது.

சிவப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாக நாம் பார்ப்பது காகிதப்பூவின் இதழ் அல்ல, நிறம் மாறிய இலை. அதற்குள் குழல் மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைப் பூதான் நிஜப்பூ. தினம் தண்ணீர் விட்டால் இந்தக் கொடி இலையாகவே ஓடும். தொட்டி மண் காய்ந்து, இலை லேசாகத் தொங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரே தடவையாக நிறைய ஊற்றுங்கள். வாட்டி வாட்டிக் கொடுக்கிற தண்ணீருக்குத்தான் அது பூக்கும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும்.

மண்ணுக்குள் இருப்பவை

ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சுமார் நூறு, இருநூறு சிறு பூக்கள் ஒரே தண்டின் தலையில் கூடிச் சிவப்புப் பந்தாக நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ மே மாதத்தில் பூப்பதால் மே மலர் என்றும் சொல்கிறார்கள். பூ சில நாள்தான் இருக்கும். வேலை நடப்பது அதற்குப் பிறகு. பூ வாடியதும் விரியும் அகல இலைகள் ஆடியிலிருந்து கார்த்திகைவரை மழையையும் வெயிலையும் உணவாக்கிக் கீழே கிழங்குக்கு அனுப்புகின்றன. அழகில்லை என்று அந்த இலையை வெட்டினால் அடுத்த வருஷப் பூவை வெட்டியதாக அர்த்தம். தானாக மஞ்சளாகிச் சாயும்வரை விடுங்கள். சாய்ந்தபிறகு மண்ணுக்குமேல் ஒன்றுமே இருக்காது. காலித் தொட்டி என்று நினைத்து வேறு எதையாவது நட்டுவிடாமல் இருக்க, ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். கிழங்கு விஷமுள்ளது, குழந்தைகளும் ஆடுமாடும் கிளறாத இடமாக இருக்கட்டும்.

மழை லில்லி அமெரிக்க நாட்டுக்காரி. வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று தொட்டி ஓரத்தில் வெங்காயத்தாள் போலக் கிடக்கும். சித்திரையில் ஒரு கோடை மழை இடியோடு பெய்து ஓய்ந்தால், சில நாளில் திட்டுத் திட்டாகப் பூத்துவிடும். நன்றாகக் காய்ந்து, பிறகு சட்டென நனைவதுதான் அதற்குச் சாவி. எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும் தொட்டியில் அந்தக் கூட்டப் பூப்பு வராது.

கோட்டை கற்றுத்தரும் கணக்கு

மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு செஞ்சியையும் சேர்த்து 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. மதிலையும் பீரங்கியையும் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் ஏற்பாட்டையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மேலே பாறையிடுக்குச் சுனைகள், ராஜகிரி அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம்; கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடு. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய ஊர் இது. மழை நாளில் சேர்த்தால் வெயில் நாளில் உயிர் வாழலாம் என்பது இங்கே ராஜாங்க அறிவு. கிழங்கும் ஈழத்தலரிக் கிளையும் செய்வது அதையேதான்.

நம் வீட்டளவில் அதைச் செய்ய இப்போதே தொடங்கலாம். தூரைச் சுற்றிக் காய்ந்த சருகோ தென்னை நாரோ நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஆனால் தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். தரையில் இருக்கும் மல்லிக்குத் தினம் கால் குடம் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழ ஊற்றுவது மேல். வேர் கீழே இறங்கும். தொட்டிச் செடிக்கு இந்தச் சட்டம் செல்லாது. மாடித் தொட்டியிலுள்ள மல்லிக்குக் காலையில் தண்ணீர் கட்டாயம், தேவைப்பட்டால் வெயில் தாழ்ந்தபிறகும் ஒருமுறை. அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம். சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீர் உப்பு ஏறியது, மல்லிக்கு வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. மல்லியில் பூத்து முடிந்த கிளை நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த சுற்று மொட்டு சீக்கிரம் வரும். இலையடியில் மெல்லிய நூல்வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். காலண்டரில் ஐப்பசிக்கு நேரே "வடிகால் பார்" என்றும், மார்கழிக்கு நேரே "கவாத்து" என்றும் இன்றே எழுதி வைத்துவிடுங்கள். அந்த இரண்டையும் செய்கிற வீட்டில், அடுத்த சித்திரையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: வருஷம் முழுக்கப் பூக்கும் நந்தியாவட்டையும், மாவுப்பூச்சியிடம் மாட்டிக்கொண்ட செம்பருத்தியும்.

(தொடரும்)