கரையிலேயே மூழ்கிய படகு!

லீவு விட்டா நீங்க என்ன பண்ணுவீங்க ஃப்ரெண்ட்ஸ்? தூக்கம், கிரிக்கெட், புதுப்படம், மறுபடியும் தூக்கம். நாங்களும் அப்படித்தான் பிளான் போட்டோம். ஆனா, போன மே மாசம் தூத்துக்குடியில எங்க சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். தூக்கம் போச்சு, கிரிக்கெட் போச்சு, கையில இருந்த காசும் போச்சு!

"ஏலே, அந்த போட்டை எட்டாயிரத்துக்குக் கேக்கான். குடுத்துரட்டுமா?"

கேட்டவர் பழைய இரும்புக் கடைக்காரர். கேட்கப்பட்டது, 16 அடி ஃபைபர் ஸ்பீட் போட். பின்னாடி 40 குதிரை சக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது சித்தப்பா மடியில உட்கார்ந்து அதோட ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கேன். அதுக்கப்புறம் 12 வருஷமா வீட்டுக்குப் பின்னாடி ஓலைக் கொட்டகையில கிடந்தது. டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கிட்டிருந்தது!

"மெக்கானிக்கல்தானல படிக்க? ஐப்பசி மழைக்கு முன்னாடி மிதக்க விட்டுக் காட்டு. இல்லைன்னா எடைக்குப் போட்டுருவேன்" என்றார் சித்தப்பா. ரோஷம் வந்துருச்சு பாஸ்!

கூட்டணி ரெடி. நான், என் ஹாஸ்டல் ரூம்மேட், எங்க கிளாஸ் டாப்பர், அப்புறம் அம்மாவோட தையல் மெஷினில் வளர்ந்த ஒரு கிளாஸ்மேட் பொண்ணு. தலைக்கு 10 ஆயிரம், சித்தப்பா பங்கு 20 ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம். டியூஷன் எடுத்த காசு, சிம்போசியத்தில் ஜெயிச்ச காசு எல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

முதல் தப்பு: சீட்!

பழைய படகைப் பார்த்ததும் கண்ணுக்கு முதல்ல தெரியறது எது? கிழிஞ்ச சீட், வெளுத்த பெயின்ட். நாங்களும் நேரா குஷன் கடைக்குத்தான் ஓடினோம். எல்லா சீட்டும் புதுசா செய்து தர 34 ஆயிரம்னு கொட்டேஷன். பேரம் பேசி 25-க்கு இறக்கிடலாம், மீதியில பெயின்ட், ஸ்டிக்கர், மியூசிக் சிஸ்டம்னு கணக்குப் போட்டோம்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முந்தின நாள் ஒரு நல்ல காரியம் பண்ணினோம். தருவைகுளம் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரையில ஃபைபர் படகுகள் ஏராளமா வந்துச்சு இல்லையா... அந்தப் படகுகளோடயே வளர்ந்த கை அவரோடது. அவர் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. சின்னச் சுத்தியலை எடுத்து, இன்ஜின் மாட்டியிருக்கிற பின்பலகையைத் தட்டினார்.

மேல தட்டினா 'டங்'. கீழ தட்டினா 'டொக்'.

"என்ன கேக்கு தம்பி?"

"டொக்குன்னு கேக்குது அண்ணாச்சி."

"உள்ள மரம் இல்ல, மண்ணுதான் இருக்கு."

இன்ஜின் போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில ஸ்க்ரூடிரைவரை விட்டார். கேக்கில் கத்தி இறங்குற மாதிரி இறங்குச்சு. வெளியே வந்தது கறுப்பா, ஈரமா, காப்பித்தூள் மாதிரி ஒரு வஸ்து. எங்க நாலு பேர் முகத்திலும் ஈயாடலை.

விஷயம் இதுதான். ஃபைபர் படகுன்னாலும் பின்பலகைக்குள்ள இருக்கறது பிளைவுட். ரெண்டு பக்கமும் ஃபைபர் தோல் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். போல்ட் போட்ட ஓட்டையைச் சரியா அடைக்கலைன்னா தண்ணி உள்ளே போகும். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்க... மரத்தை அரிக்கிற பூஞ்சைக்குக் கடல் தண்ணி அவ்வளவா பிடிக்காது, உப்பு ஆகாது. மழைத் தண்ணின்னா கொள்ளைப் பிரியம்! ஆக, எங்க படகு கெட்டது கடல்ல இல்லை. 12 வருஷமா ஒழுகின கொட்டகையில, கரையில நின்னபடியே கெட்டிருக்கு.

அந்தப் பலகையில தொங்கற இன்ஜினோட எடை ஏறத்தாழ 70 கிலோ. ஓடும்போது படகு முழுசையும் தள்ளுற விசையும் அதே பலகை மேலதான். புது சீட் போட்டு, பாட்டு வச்சுக்கிட்டு நாங்க நாலு பேரும் கிளம்பியிருந்தா? நடுக்கடல்ல பலகை பிளந்து இன்ஜின் கழண்டிருந்தா? அன்னிக்கு ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்கலை. மியூசிக் சிஸ்டத்தை லிஸ்ட்டில இருந்து அடிச்சோம். சீட்டுக்கு வச்ச காசு பின்பலகைக்குப் போச்சு.

புகை விட்ட மக்கு!

உள்பக்க ஃபைபர் தோலை கிரைண்டரால வெட்டி, மக்கின மரத்தைச் சுரண்டி எடுக்கவே மூணு நாள். ஓரத்தை நேரா வெட்டக் கூடாதாம். ஃபைபர் 1 எம்.எம். கனம்னா 12 எம்.எம். தூரத்துக்குச் சரிவா தேய்க்கணும். அப்பத்தான் புது ஃபைபர் பழசோட நல்லாப் பிடிச்சுக்கும். மெட்டீரியல்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது, கையில அரிப்போட புரிஞ்சது!

பிளைவுட் வாங்கும்போது ஒரு நம்பரை மறக்காதீங்க: ஐ.எஸ். 710. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு அது. 'இதுவும் தண்ணிக்குத் தாங்கும் தம்பி'ன்னு கடையில வேற எதையாவது நீட்டினா, முத்திரையைக் காட்டச் சொல்லுங்க. 18 எம்.எம். பலகை ரெண்டை ஒட்டி 36 எம்.எம். கனத்துக்குப் பின்பலகை செஞ்சோம். ஓரம் முழுக்க ரெசின் குடிக்க வச்சோம். மேல 450 ஜி.எஸ்.எம். மேட், நெய்த ரோவிங் துணி, மறுபடியும் மேட்னு மாத்தி மாத்திப் போட்டோம்.

ரெசினில் கேட்டலிஸ்ட் கலக்கறது டாப்பரோட டிபார்ட்மென்ட். கிலோவுக்கு 10-லிருந்து 20 மில்லி வரை கலக்கலாம்னு படிச்சுட்டு, தலைவர் 20 மில்லியை ஊத்திட்டார். தூத்துக்குடி மே மாசம், உச்சி வெயில்! நாங்க பிரஷ்ஷை எடுக்கறதுக்குள்ள மக்கில இருந்த ரெசின் ஜெல்லியாகி, கொதிச்சு, புகை விட்டுருச்சு. ஒரு கிலோ ரெசினும் ஒரு மக்கும் காலி. அதுக்கப்புறம் காலை ஆறு மணிக்கே வேலையை ஆரம்பிச்சோம். கிலோவுக்கு 10 மில்லிதான். மக்கில் வைக்காம, அகலமான தட்டில பரப்பி வச்சோம். சூடு ஒரே இடத்துல சேராது.

டிரம்முக்குள்ள ஒரு இன்ஜின்

இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி மூணு டெஸ்ட் பண்ணினோம். முதல்ல கம்ப்ரெஷன். ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டணும். வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல போனா செலவு பெரிசு. எங்களுக்கு 112, 108. அப்பாடா! ரெண்டாவது, கீழ்ப்பக்க கியர் ஆயில். பால் காப்பி கலர்ல வந்தது. அப்படின்னா சீல் போய், தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். மூணாவது, தண்ணி இறைக்கிற ரப்பர் இம்பெல்லர். தொட்டதும் உடைஞ்சு விழுந்தது. சீலையும் இம்பெல்லரையும் மாத்தி, கார்புரேட்டர்ல பிசினாக் காய்ஞ்சு கிடந்த பழைய பெட்ரோலைச் சுத்தம் பண்ணினோம்.

ஒரு எச்சரிக்கை. அவுட்போர்டைத் தண்ணி இல்லாம சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. புது இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே கருகிடும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணி நிரப்பி, அதுக்குள்ள இன்ஜினோட காலை இறக்கினோம். கயிறை இழுத்து இழுத்து ரூம்மேட்டுக்குத் தோள்பட்டையே கழண்டுடுச்சு. அவன் 'போதும்டா சாமி'ன்னு உட்காரப் போன நேரத்தில... 'டர்ர்ர்ர்'! பின்னாடி ஊசி மாதிரி ஒரு நீர்த்தாரை. தண்ணி சுத்துது, இன்ஜின் சூடாகாது! கோழிகள் எல்லாம் கூரைக்குப் பறந்துருச்சு.

இப்ப வாங்க, சீட்டுக்கு!

ஆகஸ்ட்டில கையில மிச்சம் இருந்தது 12 ஆயிரம் சில்லறை. 34 ஆயிரம் வேலையை இதில எப்படி முடிக்கறது? "வெட்டறது, ஒட்டறது, அடிக்கறது எல்லாம் நாமளே பண்ணுவோம். தைக்க மட்டும் காசு கொடுப்போம்" என்றாள் தையல்காரி. குஷன் கடை அண்ணனும் ஒத்துக்கிட்டார். இதோ, அவ எங்களுக்கு நடத்தின பாடம்:

1. பழைய உறையைக் கிழிக்காதே. கழற்றறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சீட்டையும் போட்டோ எடுத்துக்கோ. தையலைப் பிரி, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போடு. அந்தக் கந்தல்தான் உனக்குப் பேட்டர்ன்!

2. பழைய ஃபோமைத் தூக்கி எறி. எங்க பெஞ்ச் சீட் ஃபோம் 9 கிலோ இருந்தது. ஒரு வாரம் வெயில்ல காய வச்சா 2 கிலோ. மீதி 7 கிலோவும் தண்ணி! சாதா ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி, குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால அடியில தண்ணி குடிக்காத ஈ.வி.ஏ. ஷீட் போட்டோம். ஆமா, கபடி மேட்டுக்குப் போடுவாங்களே, அதேதான்! மேல மட்டும் ஒரு இஞ்ச் மெத்து ஃபோம்.

3. அடிப்பலகையில ஓட்டை போடு. தண்ணி வரத்தான் செய்யும். வந்தது வெளியே போக வழி வேணும். போட்ட ஓட்டைக்குள்ளயும் ரெசின் பூசணும். பின்பலகை கத்துக்கொடுத்த பாடம் இது.

4. ரெக்ஸின்ல கஞ்சத்தனம் கூடாது. ஆட்டோ சீட்டுக்குப் போடற சாதா ரெக்ஸின் வெயிலும் உப்பும் பட்டா வெடிச்சுடும். வெயிலும் பூசணமும் தாங்குற ரகம் மீட்டர் 550-ன்னு 9 மீட்டர் வாங்கினோம். கலர்? நான் கறுப்பு கேட்டேன். "மத்தியானம் உட்கார்ந்து பாரு, தோசை ரெடியாகிடும்"னு வெள்ளையை எடுத்தா!

5. நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் ஈரத்தில இத்துப்போகும். தையல் மேல்பக்கத்துல வராம, ஓரத்துலயும் அடியிலயும் வர்ற மாதிரி வெட்டு. ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொண்ணும் தண்ணிக்கு ஒரு வாசல்.

6. ஸ்டேப்பிள் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா பின் அடிச்சா சீக்கிரமே துருப்பிடிச்சு, வெள்ளை சீட்டில செம்பழுப்புக் கண்ணீர் விடும். நடுவுல இருந்து ஆரம்பிச்சு, எதிரெதிர் பக்கமா இழுத்து அடிச்சுக்கிட்டே மூலைக்கு வா. மூலையில ரெக்ஸின் முரண்டு பிடிச்சா ஹேர் டிரையர் காட்டு, வழிக்கு வரும்.

முதல் சீட்டை நான்தான் அடிச்சேன். மூலையில நாலு சுருக்கம், தாத்தா நெத்தி மாதிரி! பிரிச்சு மறுபடி அடிக்க வச்சா. நாலாவது சீட் வந்தப்ப குஷன் கடை அண்ணனே தடவிப் பார்த்துட்டு, "படிப்பு முடிஞ்சு வேலை கிடைக்கலைன்னா கடைக்கு வா தம்பி" என்றார். அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லை.

கணக்குப் பிள்ளை டைரி

பிளைவுட், ரெசின், மேட், கெமிக்கல் – 19,000
ஃபைபர் அண்ணாச்சி கூலி, 6 நாள் – 9,000
இன்ஜின் பாகங்கள் – 11,700
பில்ஜ் பம்ப், வயர், ஃபியூஸ், கில் ஸ்விட்ச், 4 லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான் – 10,000
சீட், தையல் கூலி உட்பட – 11,500
ஆக மொத்தம் ரூ. 61,200. பட்ஜெட்டைத் தாண்டின 1,200-ம் நாங்க தியாகம் பண்ணின புரோட்டா!

உஷாரய்யா உஷாரு!

* ரெசினுக்கு கேட்டலிஸ்ட், கோபால்ட்னு ரெண்டு உண்டு. இது ரெண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும்! முதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லாக் கலக்கி, கடைசியாத்தான் கேட்டலிஸ்ட்.
* ஃபைபர் தேய்க்கும்போது மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை கட்டாயம். ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் போதாது, கெமிக்கல் ஃபில்டர் உள்ளது வேணும்.
* கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுறவர் கையிலயோ இடுப்புலயோ இருக்கணும். அவர் தவறி விழுந்தா இன்ஜின் தானா நின்னுடும்.
* பேப்பர் இல்லாம ஓட்டாதீங்க. ஆறு, காயல்னா 2021-ம் வருஷ உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்கு சர்வேயும் பதிவும் தேவை. கடல்னா அதுக்குரிய அலுவலகத்தில் முதல்லயே விசாரிச்சுடுங்க. எங்க ஊர்ப் பக்கம் இருக்கிற மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் அறிவிச்ச கடல்சார் தேசியப் பூங்கா. நினைச்சப்போ போய் இறங்கி செல்ஃபி எடுக்க முடியாது.

மிதந்துச்சா?

செப்டம்பர் கடைசி ஞாயிறு. டிராக்டர் டிரெய்லர்ல ஏத்தி, கரைக்குக் கொண்டு போனோம். பேப்பர் வேலை பாக்கி இருந்ததால ஓட்டலை. முன்னாடி ஒரு கயிறு, பின்னாடி ஒரு கயிறு கட்டி, தண்ணியில இறக்கி மட்டும் விட்டோம். அரை மணி நேரம் அண்ணாச்சி தரைப் பலகையைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தார். சொட்டுத் தண்ணி இல்லை. அப்புறம் கட்டின கயிறோடயே இன்ஜினை ஓட விட்டு, பின்பலகை மேல கையை வச்சுப் பார்த்தார். அசையலை!

சித்தப்பா செருப்பைக் கழற்றி வச்சுட்டு ஏறினார். வெள்ளை சீட்டில உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சார். சீட்டைப் பத்தி ஏதாவது சொல்வார்னு நாங்க காத்துக்கிட்டிருந்தோம். அவர் திரும்பி, பின்பலகையைத் தட்டினார்.

டங்!

"இரும்புக்காரன் கேட்டா, இல்லைன்னு சொல்லிருல."

உங்க ஊர்லயும் இப்படி ஏதாவது ஒண்ணு கொட்டகையில கிடக்கும். படகா இருக்கலாம், தாத்தாவோட பைக்கா இருக்கலாம். தாராளமா தூக்கிட்டு வாங்க. ஆனா, கண்ணுல படுறதுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, கண்ணுல படாததை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. 'டொக்'னா அங்கே இருந்து ஆரம்பிங்க. ரெக்ஸின் கடை எங்கேயும் ஓடிப் போயிடாது பாஸ்!