கேமராவுக்குப் பின்னால் ஒரு சட்டை

தாலி கட்டும் நேரத்தில் புகைப்படக்காரர் மணப்பெண்ணுக்கு மூன்று நான்கு அடி தூரத்தில்தான் நிற்பார். பக்கத்தில் வீடியோக்காரரின் எல்.இ.டி. விளக்கு எரியும். அந்த ஒளி புகைப்படக்காரரின் சட்டையில் பட்டுத் திரும்பும்போது சட்டையின் நிறத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வரும். பச்சைச் சட்டை என்றால் மணப்பெண்ணின் தாடையடியில் லேசாகப் பச்சை படரும். சிவப்பு என்றால் கன்னம் தேவைக்கு மேல் சிவக்கும். கிட்டே போகப் போக இது கூடும். படம் முழுவதும் ஒரே சாயல் ஏறியிருந்தால் கணினியில் நொடியில் சரிசெய்துவிடலாம். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறினால், படம் படமாக உட்கார்ந்து நீக்க வேண்டும்.

நகை இன்னும் பொல்லாதது. மோதிரத்தையும் தாலியையும் நெருக்கத்தில் எடுத்தால், மெருகேறிய பொன்னில் எதிரே நிற்பவரின் உடை அப்படியே தெரியும். குத்துவிளக்கும் எவர்சில்வர் தட்டும் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியும்கூட அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒளியை மிகக் குறைவாகத் திருப்புவது கறுப்பு. மேல்நாட்டுத் திருமணங்களில் புகைப்படக்காரர்கள் பலர் கறுப்பில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அது எடுபடாது. முகூர்த்த வேளையில் கறுப்புச் சட்டையோடு மேடையேறினால் ஒரு பாட்டியாவது முகம் சுளிப்பார். அவரோடு வாதாடுவதற்காக யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. அடர்சாம்பல் போதும். அதில் எந்த நிறமும் தூக்கலாக இல்லாததால் முகத்தில் சாயல் ஏறாது. வெள்ளையும் சாயல் ஏற்றாதுதான். ஆனால் நிறைய ஒளியைத் திருப்பும். போதாததற்கு அட்சதை மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறையில் சோப்புப் பட்டதும் ரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மெல்ல வெளுக்கும்.

துணி என்ன? பருத்திதான். தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை அது காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. அதனால்தான் வைகாசிக் கல்யாணத்தில் பாலியஸ்டர் சட்டை முதுகில் பிசுபிசுக்கிறது. ஓமகுண்டத்தின் அருகே குனிந்து படமெடுப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகாது. பெண் புகைப்படக்காரர்கள் துப்பட்டாவை விட்டுவிட்டு, முழங்கால் வரையுள்ள குர்தாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது என்பது உண்மை. பையில் மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும்.

காலுக்கு லேஸ் இல்லாத ஷூ. மேடைக்கு ஏறும்போதெல்லாம் கழற்ற வேண்டும்; முடிச்சவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் காத்திருக்காது. ஷூவைக் கழற்றும்போது காலுறையையும் கழற்றிவிடுங்கள், கிரானைட் தரையில் வழுக்கும். கால்சட்டை கொஞ்சம் இழுபடும் துணியாக, குந்தி உட்கார்ந்தால் பிடிக்காததாக இருக்க வேண்டும். பெரிய உலோக பக்கிள் வைத்த பெல்ட் கேமராவின் திரையைக் கீறும். மெமரி கார்டுக்கு ஜிப் வைத்த பை ஒன்று கட்டாயம். படமெடுத்த கார்டு கீழே விழுந்தால் கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்?

முதுகு நிறைய ஸ்டூடியோ பெயரும் கைபேசி எண்ணும் அச்சிட்ட டீ-ஷர்ட் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் இரண்டு கேமராக்காரர்களாவது சுற்றுகிறார்கள். ஒருவர் எடுக்கும் படத்தில் இன்னொருவரின் முதுகு விழும். ஆல்பத்தில் மாலை மாற்றும் காட்சிக்குப் பின்னால் விளம்பரப் பலகை எதற்கு? நெஞ்சருகே சின்னதாகப் பெயர் போதும்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கோயில் கல்யாணமாக இருந்து வேட்டிதான் கட்ட வேண்டும் என்றால், அல்லது கறுப்பு ஆகாது என்றால், முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேடைக்கு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.