மளிகைக் காசுக்கு எந்த கார்டு?

சம்பளம் வந்ததும் மளிகைக்கு இவ்வளவு, பால் காய்கறிக்கு இவ்வளவு என்று தனித்தனிக் கவரில் போட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கவரின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது ப்ரீபெய்ட் கார்டு. ஐயாயிரம் ஏற்றினால் ஐயாயிரம்தான். தீர்ந்துவிட்டால் கடையில் கார்டு வேலை செய்யாது. டெபிட் கார்டுக்குப் பின்னாலோ கணக்கில் உள்ள மொத்தப் பணமும் நிற்கிறது. செலவை அடக்க ப்ரீபெய்டே மேல் என்று தோன்றலாம். ஆனால், ஏற்றிய பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்று பார்த்தால் கதை மாறுகிறது.

வங்கிக் கணக்கில் இருப்பது வைப்புத்தொகை. அதற்கு வட்டி உண்டு. வங்கியே முடங்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ப்ரீபெய்ட் கார்டில் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. வங்கியல்லாத நிறுவனம் கொடுத்த கார்டு என்றால், அந்த நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை ஒரு வங்கியில் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் காப்பீட்டுக்கு ஈடாகாது.

2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி போட்ட தடை நினைவிருக்கலாம். மார்ச் 15-க்குப் பிறகு அதன் வாலெட்டிலும் ஃபாஸ்டாகிலும் புதிதாகப் பணம் ஏற்ற முடியாமல் போனது. இருந்த பணம் காணாமல் போகவில்லை, செலவழிக்க முடிந்தது. ஆனாலும் அந்த ஃபாஸ்டாகை ஒட்டியிருந்த வண்டிக்காரர்கள் வேறொன்று வாங்க வேண்டியிருந்தது.

கையில் உள்ள கார்டு எந்த வகை என்பதும் முக்கியம். முழு கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாத கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது. பொருளோ சேவையோ வாங்கலாம், ரொக்கம் எடுக்க முடியாது. முழு கே.ஒய்.சி. முடித்தால் 2 லட்சம் வரை வைக்கலாம். பரிசு கார்டின் உச்ச வரம்பு 10,000. மறுபடி பணம் ஏற்ற முடியாது.

பணம் திருடுபோனால் என்ன ஆகும்? பலரும் கவனிக்காத இடம் இதுதான். வங்கிகளுக்கு 2017-லும், வங்கியல்லாத ப்ரீபெய்ட் நிறுவனங்களுக்கு 2019-லும் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. வாடிக்கையாளர் மீது தவறில்லாமல் வெளியாள் மோசடியால் பணம் போயிருந்தால், எஸ்எம்எஸ் வந்த மூன்று நாட்களுக்குள் (வங்கி என்றால் மூன்று வேலை நாட்கள்) புகார் செய்பவருக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கும் ப்ரீபெய்டுக்கும் அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதே. ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் புகார் சொல்லும் வரை போனது அவர் கணக்கில்தான்.

பஸ், மெட்ரோவில் தட்டும் கார்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2023-இல் சென்னை மெட்ரோவில் வந்த சிங்காரச் சென்னை அட்டையும் ப்ரீபெய்ட்தான். தட்டினால் பின் கேட்காது. தொலைந்தால் எடுத்தவர் பயணம் செய்யலாம். சில நாள் டிக்கெட்டுக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள்.

அப்படியானால் மளிகைக்கு? டெபிட் கார்டிலேயே தினசரி வரம்பு போடலாம். ஆன்லைன், வெளிநாடு, தட்டிப் பணம் செலுத்தும் வசதி ஆகியவற்றைத் தனித்தனியே அணைத்தும் வைக்கலாம். 2020 அக்டோபர் முதல் வங்கிகள் இந்த வசதியைத் தந்தாக வேண்டும். இன்னும் நல்ல வழி, குறைந்தபட்ச இருப்பு கேட்காத இரண்டாவது சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதற்கு மாற்றி, அந்த டெபிட் கார்டை எடுத்துச் செல்வது. கவர் முறையும் இருக்கும், காப்பீடும் இருக்கும். முன்பின் தெரியாத இணையதளத்தில் வாங்கவும், விடுதியில் படிக்கும் பிள்ளையின் கைச்செலவுக்கும் ப்ரீபெய்ட் சரி. அதைச் சேமிப்புப் பெட்டியாக்குவது சரியல்ல.

மோசடி என்று தெரிந்த நிமிடமே கார்டை முடக்கிவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். நிறுவனம் 30 நாட்களில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே வங்கி மீதும் ப்ரீபெய்ட் நிறுவனத்தின் மீதும் புகார் தரலாம், கட்டணம் கிடையாது.