மூடுபனிக்கு அப்பால் ஒரு தேசம்

பனி படர்ந்த மலைப்பாதையில் குதிரை வண்டி ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் கைகள் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் கைதிகளுள் ஒருவராக நாம் கண் விழிக்கிறோம். எங்கே பிறந்தோம், என்ன குற்றம் செய்தோம் என்பது ஒன்றும் நமக்குத் தெரியாது. ஹெல்கன் என்னும் கோட்டை ஊரில், சிரச்சேதத்துக்காக நம் தலையை வெட்டுமரத்தின் மேல் சாய்த்து வைத்த அதே தருணத்தில், இனிமேல் இல்லையென்று எல்லோரும் நம்பியிருந்த டிராகன் ஒன்று ஆகாயத்திலிருந்து இறங்கி ஊரைத் தீக்கிரையாக்குகிறது. அந்தக் களேபரத்தில் உயிர் தப்பி, இருண்ட குகை ஒன்றின் வழியே நடந்து வெளிச்சத்துக்கு வந்து நிற்கும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடும் ஆறும் மலைச்சிகரங்களுமாக ஒரு பெருந்தேசம் நம்முன் விரிகிறது. எந்தத் திக்கிலும் போகலாம், தடுப்பவர் எவருமில்லை.

2011 நவம்பர் 11-ஆம் தேதி வெளியான ‘ஸ்கைரிம்’ என்ற வீடியோ கேமின் ஆரம்பம் இது. ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் வரிசையில் ஐந்தாவதாக வந்த இந்த விளையாட்டு 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இதன் ஆறாம் பாகம் எப்போது வரும் என்ற ஆவலோடு பல தேசங்களில் பல லட்சம் பேர் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். கேளிக்கைப் பொருள் ஒன்றுக்காகப் பெரியவர்களும் இவ்வளவு ஏங்குவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற அளவு நேர்மையாக விடை சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்த வகை விளையாட்டின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக வழங்கும் இதில், ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே கதைக்குள் வாழ்கிறார். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு மூலம் எனலாம். நாலைந்து நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் பேசி, பகடை உருட்டி விதியை நிர்ணயித்துக்கொள்ளும் விளையாட்டு அது. மேஜையில் கதை சொன்ன நண்பரின் ஸ்தானத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டபோது, வாயால் சொல்லி மனத்தால் கண்ட காடும் நகரமும் கண்ணெதிரே தோன்றலாயின. நாவல் படிக்கிறவர் கதாநாயகனின் தீர்மானத்தை அறிந்துகொள்கிறார். இங்கோ தீர்மானம் செய்கிறவரே வாசகர். கொலைகாரனை மன்னிப்பதா தண்டிப்பதா, அரசின் பக்கம் நிற்பதா கலகக்காரர்களோடு சேர்வதா என்பதை நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம் ஒருவர் தாமே தீர்மானித்துத் தீர்மானித்து நடந்த தேசம், அவர் நினைவில் தாம் வசித்த ஊராகவே தங்கிவிடுகிறது. ஆகையால் அடுத்த பாகத்துக்காக அவர் காத்திருப்பது, பிரிந்து வந்த ஊருக்குத் திரும்பிப் போகக் காத்திருப்பதற்கு ஒப்பானது.

அந்த ஊரின் பெயர் டாம்ரியல். மேரிலாண்டு மாகாணத்து ராக்வில் நகரிலிருந்து இயங்கும் பெதஸ்டா நிறுவனத்தில், ஜூலியன் லஃபே, டெட் பீட்டர்சன், விஜய் லக்ஷ்மண் முதலியோர் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ‘அரீனா’வில் அந்தக் கண்டம் முதன்முதலாகத் தோன்றிற்று. பெயர் உணர்த்துவதுபோல, அரங்கத்தில் மல்லர்கள் மோதும் விளையாட்டாகத்தான் அது முதலில் உத்தேசிக்கப்பட்டது. செய்யச் செய்ய, சண்டையைவிட ஊர்களும் வழிப்பயணமும் சுவையாக இருக்கக் கண்டு, அரங்கத்தை விட்டு அகண்ட தேசத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1996-இல் வந்த ‘டாகர்ஃபால்’, பிரிட்டன் தீவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பரப்பும் ஆயிரக்கணக்கான ஊர்களும் கொண்டிருந்தது; ஆனால் அந்த ஊர்களிற் பெரும்பாலானவற்றைக் கணித விதிகளைக் கொண்டு கம்ப்யூட்டரே இயற்றியதால், ஒன்றைக் கண்டவருக்கு மற்றொன்று புதிதாகத் தோன்றவில்லை. 2002-இல் ‘மோரோவிண்ட்’ வந்தபோது நிறுவனத்தார் நேர்மாறான வழியைப் பிடித்தார்கள். ஒரே ஒரு எரிமலைத் தீவு. ஆனால் அதன் பாறையும் பூண்டும் படிக்கட்டும் மனிதக் கையால் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டவை. சிறிய பரப்பில் கைவேலை நிறைந்திருந்தால் அது பெரிய பரப்பினும் விசாலமாகத் தோன்றும் என்ற உண்மையை அந்தத் தீவு நிரூபித்தது. அதன்பின் 2006-இல் ‘ஆப்ளிவியன்’, 2011-இல் ‘ஸ்கைரிம்’. இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து என்று வருஷ இடைவெளிகள் இருந்துவந்த வரிசை அத்தோடு நின்றுபோயிற்று.

ஏழு வருஷங்களுக்குப் பின், 2018 ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில், முந்திய மூன்று பாகங்களையும் இயக்கிய டாட் ஹோவர்ட் 36 விநாடி ஓடும் சிறு காட்சி ஒன்றைக் காட்டினார். மூடுபனி தவழும் மலைத்தொடர், தூரத்தில் ஒரு கடற்கரை, பழகிய ராகத்தின் சாயல் கொண்ட சங்கீதம், கடைசியில் பெயர், அவ்வளவுதான். அந்த 36 விநாடிகளை ரசிகர்கள் எழுத்தெண்ணிப் படித்தார்கள். பாறையின் நிறத்தையும் கரையின் வளைவையும் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, இது ஹாமர்ஃபெல் என்னும் பாலைவனப் பிரதேசமாகவே இருக்க வேண்டும் என்று வாதித்தவர்கள் அநேகர். 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வரைபடம் ஒன்றின் மேல் மெழுகுவர்த்திகள் எரிவதுபோல ஒரு படத்தை நிறுவனம் வெளியிட்டபோது, ஒவ்வொரு வர்த்தியும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பெரிய ஆராய்ச்சியாகிவிட்டது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துவிட்டு, அடுத்த இதழ் வருமுன் கதாநாயகிக்கு என்ன நேரும் என்று திண்ணையில் உட்கார்ந்து தர்க்கம் செய்தவர்களின் உற்சாகமே இது; அங்கே ஒரு வாரம், இங்கே ஒரு தலைமுறை.

ஏன் இத்தனை காலம்? சோம்பல் காரணமன்று. ‘ஸ்கைரிம்’ சுமார் நூறு பேரின் வேலை. 2023 செப்டம்பரில் அதே நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்ஃபீல்ட்’ என்னும் விண்வெளி விளையாட்டுக்கு நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. முன்னதில் சுமார் 60 ஆயிரம் வசனங்கள் நடிகர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டன. பின்னதில் இரண்டரை லட்சம். திரையின் துல்லியம் கூடக் கூட, முன்பு ஒரு சித்திரக்காரர் ஒரு நாளில் முடித்த கதவுக்கு இப்போது மரத்தின் ரேகையும் ஆணியின் துருவும் விளக்கின் வெளிச்சம் அதன்மேல் விழும் முறையும் தனித்தனியே அமைய வேண்டியிருக்கிறது. அந்த விண்வெளி விளையாட்டை முடிக்கும்வரை ஆறாம் பாகம் பூர்வாங்க நிலையிலேயே இருந்தது. இதற்கிடையில் 2020-இல், பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோஸாஃப்ட் அறிவித்தது. வரிசையின் முப்பதாம் ஆண்டான 2024-இல், ஆறாம் பாகத்தின் ஆரம்ப வடிவங்களைத் தாங்களே ஆடிப் பார்த்துவருவதாகத் தயாரிப்பாளர்கள் தெரிவித்தார்கள். வெளியாகும் தேதியை மட்டும் சொல்லவில்லை.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் வேறிடத்தில் இருக்கிறது. போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் பல முறை ஒத்திவைத்து 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’, பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் சரியாக ஓடாமல் பிழைகள் மலிந்திருந்தபடியால், ஸோனி நிறுவனம் சில நாட்களிலேயே அதைத் தன் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. அது பூரணமாகச் செம்மைப்பட மேலும் சில வருஷங்களாயின. நிதானம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட்’ இரண்டாம் பாகத்துக்கு அடுத்த பாகம் 2023 ஆகஸ்டில்தான் முழுமையாக வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் முதல் அங்கத்தை மட்டும் 2020 அக்டோபரிலேயே ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு ஏறக்குறைய மூன்று வருஷம் திருத்திற்று. அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டுக்கான பரிசுகள் அதனைத் தேடி வந்தன. காத்திருப்பவர்களை வாசலிலே நிறுத்திவைக்காமல் பட்டறைக்குள்ளேயே அழைத்துக்கொண்ட அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

டாம்ரியலின் ரசிகர்களும் வெறுமனே காத்திருக்கவில்லை. ‘மோரோவிண்ட்’ வெளியானபோது, அதைக் கட்டிய கருவிகளையே நிறுவனம் ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்தது. அவற்றைக் கொண்டு, அந்த விளையாட்டில் இடம்பெறாது விடப்பட்ட பெருநிலப் பகுதியைத் தாமே கட்டிமுடிக்கப் புறப்பட்ட ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்னும் தொண்டர் குழு இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகக் கூலி எதிர்பாராமல் ஊர் ஊராக எழுப்பிவருகிறது. ‘மாட்’ என்று இவர்கள் சொல்லும் இத்தகைய சேர்க்கைகள் ‘ஸ்கைரிமு’க்கும் பல்லாயிரக்கணக்கில் உண்டு. புதிய காடு, புதிய குரல், புதிய தீவு என்று ரசிகர்கள் சேர்த்துக்கொண்டே வந்ததால்தான் பழைய விளையாட்டு இன்றும் உயிரோடிருக்கிறது. ஏக்கம் செயலாக மாறினால் அது எவ்வளவு பெரிய சிருஷ்டி சக்தியாகும் என்பதை இவர்களிடம் காண்கிறேன்.

ஆயினும் காலம் என்பது எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதன்று. 2011-இல் கல்லூரி விடுதியில் ‘ஸ்கைரிம்’ ஆடியவர் இன்று பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் தகப்பனாராக இருக்கலாம். அந்த விளையாட்டின் டிராகன்களுக்கும் கவசங்களுக்கும் கோபுரங்களுக்கும் முதற்கோடு இழுத்த ஓவியர் ஆடம் ஆடமோவிச், அது வெளிவந்து மூன்று மாதத்துக்குள் புற்றுநோயால் மறைந்தார். முதல் இரண்டு பாகங்களை உருவாக்கி, இந்த வரிசையின் தந்தை என்று போற்றப்பட்ட ஜூலியன் லஃபே 2025-இல் காலமானார். 1936-இல் பிறந்த ஷெர்லி கரி என்னும் அமெரிக்க மூதாட்டி, ‘ஸ்கைரிம்’ உலகில் தாம் உலாவுவதை யூடியூபில் கதைபோலச் சொல்லிச் சொல்லி, பல லட்சம் பேருக்குப் பாட்டியானவர். அடுத்த பாகத்தைப் பார்க்கத் தமக்கு ஆயுள் இருக்குமோ என்று அவர் சந்தேகிக்க, அந்தப் பாகத்தில் அவரையே ஒரு பாத்திரமாக வைக்கும்படி ரசிகர்கள் விண்ணப்பித்தார்கள். வைப்பதாக நிறுவனமும் 2019-இல் ஒப்புக்கொண்டது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது ஒன்று எனக்குத் தெளிவாகிறது. ஒரு படைப்பு உருவாவதில் படைப்பவர்களின் காலம் மட்டுமன்றி, காத்திருப்பவர்களின் காலமும் செலவாகிறது. ஆகவே இரு தரப்பாருக்கும் கடமை உண்டு. வருஷக்கணக்காகும் என்று தெரிந்தும் முன்கூட்டியே ஆசை காட்டுவதைப் படைப்பவர்கள் தவிர்க்கலாம். அந்த வகையில் 2018-இன் அறிவிப்பு சற்று முந்திவிட்டது என்பதே என் அபிப்பிராயம். ரசிகர்களோ, தாமதத்தின் பேரில் கோபங்கொண்டு, இரவு பகலாக உழைக்கும் தொழிலாளர்கள் மேல் நிஷ்டூரமான சொற்களை வீசாதிருக்க வேண்டும். அவசரப்படுத்தி வாங்கிய பண்டம் அரைவேக்காடாகவே இருக்கும் என்பதை நாம் கண்டுவிட்டோம். தருவது தகுதியோடு இருக்கட்டும் என்று இரு தரப்பாரும் எண்ணுவார்களானால், காத்திருப்பு பாரமாகத் தோன்றாது.

‘ஸ்கைரிமி’ல் ரோரிக்ஸ்டெட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சத்திரக்காரரின் மகன் எரிக், வயலில் வேலை செய்துகொண்டே, உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று ஏங்குகிறான். தகப்பனார் விடமாட்டேன் என்கிறார். நாம் போய்ப் பரிந்து பேசினால் அவர் மனமிரங்குவார்; மகன் கவசம் பூண்டு, கூப்பிட்டால் நம்மோடு வழித்துணையாகப் புறப்படுவான். அந்தப் பெயர் கற்பனைப் பெயரன்று. ‘ஸ்கைரிமு’க்காக ஆவலோடு காத்திருந்து, அது வெளிவருமுன் புற்றுநோயால் இறந்துபோன ஓர் இளைஞரின் பெயர் அது; அவருடைய நண்பர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் தயாரிப்பாளர்கள் அவரை அந்த ஊரில் குடியேற்றினார்கள். காண முடியாமற்போன தேசத்தில் அவர் இப்போது நிரந்தரவாசி. எங்கோ ஒருவர் இன்று புதிதாக அந்த விளையாட்டைத் தொடங்கி, அந்த வழியாக நடந்து, அந்தத் தகப்பனாரிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசினால் போதும்; மண்வெட்டியை வைத்துவிட்டு எரிக் மறுபடியும் பயணம் கிளம்பிவிடுவான்.