கரிசல் பூமியில் கேமிங் கம்ப்யூட்டர்: எந்த கூலர் சரிப்படும்?

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, “கூலர்தானே, ஏதாவது போட்டுக்கலாம்” என்பார்கள். சித்திரை வெயிலும் ஆடிப் புழுதியும் சேர்ந்து அடிக்கும் கோவில்பட்டி வட்டாரத்தில் அந்த அலட்சியம் கைச்செலவாகிவிடும்.

ஏசி அறைக் கணக்கு இங்கே செல்லுமா?

செல்லாது. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் குளிர்விக்காது. உதாரணமாக, ஒரு கூலர் பிராசசரை அறையைவிட 50 டிகிரி கூடுதலாக வைத்திருக்கிறது என்போம். 22 டிகிரி ஏசி அறையில் அது 72. அதுவே 38 டிகிரி மொட்டைமாடி அறையில் 88. ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரின் உச்சவரம்பே 89 டிகிரிதான். வரம்பைத் தொட்டால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைக்கும். கேம் திக்கித் திணறும்.

லிக்விட் கூலர் போட்டா சூடே ஆகாதுல்ல?

ஆகும். உள்ளே ஓடும் திரவம் சூட்டை ரேடியேட்டருக்குக் கடத்தும். அங்கிருந்து அதை வெளியேற்றுவது ஃபேனும் அறைக் காற்றும்தான். அதில் பம்ப் பழுதானால் மொத்தமாக மாற்ற வேண்டிவரும். ஏர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும்.

எதை வாங்கலாம்?

ரைசன் 5 5600 போன்ற 65 வாட் பிராசசருக்கு, 120 மி.மீ. ஃபேன் கொண்ட டவர் ஏர் கூலர் தாராளம். 253 வாட் வரை இழுக்கும் ஐ9 14900கே போன்றவற்றுக்குத்தான் 360 மி.மீ. லிக்விட் கூலர் தேவைப்படும்.

புழுதிக்கு என்ன வழி?

வலை ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பாருங்கள். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்பக்கம் வெளியேற்ற ஒன்று என்று வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால், இண்டு இடுக்கு வழியாகப் புழுதி நுழைவது குறையும். கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரின் ஈரக்காற்று நேராக அதன்மேல் படக் கூடாது. ஈரமும் புழுதியும் சேர்ந்தால் அப்பிக்கொள்ளும்.

காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ஃபேனை ஊதிச் சுத்தம் செய்யும்போது, மின்இணைப்பைத் துண்டித்து, இறக்கை சுழலாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். புழுதி அடைத்துக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் வீண்தான்!