கடலை மடித்த காகிதத்துக்கு வந்த மவுசு!
கொலைச் சிந்து முதல் நாடக நோட்டீஸ் வரை தரமணியில் பத்திரம்

ஊரில் ஒரு கொலை நடக்கும். சில நாளில் அது பாட்டாகிவிடும். பாட்டு புத்தகமாகிவிடும். தெருமுனையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்பனை!

பேப்பர் வாங்கிப் படிக்கும் பழக்கம் பரவாத காலத்தில், சென்னை ஜனங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. லட்சக்கணக்கில் விற்ற அந்தப் புத்தகங்களில் ஒன்றைக் காட்டு என்று இன்று கேட்டால், பழைய புத்தகக் கடைக்காரரே கையை விரிப்பார்.

எங்கே போயின? கடலை மடிக்கப் போயின. அடுப்பு பற்றவைக்கப் போயின. மிச்சத்தைக் கரையான் தின்றது.

தப்பிப் பிழைத்தவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதி இன்று சென்னை தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. காப்பாற்றி வைத்தது சர்க்கார் அல்ல. பண்டிதர் சபையும் அல்ல. போர்டு எழுதிப் பிழைத்த ஒரு மனிதர்!

குஜிலிக் கடைச் சரக்கு

இந்தப் பாட்டுப் புத்தகங்களுக்குக் 'குஜிலி' என்று பெயர். குஜிலிக் கடை என்றால் சாயங்காலக் கடைத்தெரு. சென்னை பார்க் டவுன் பக்கம் இருந்த அந்தக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்ததால், புத்தகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மட்டக் காகிதம். சில பக்கம்தான். பெரிய பெரிய எழுத்து. சிந்து, கும்மி, தெம்மாங்கு, லாவணி, ஒப்பாரி என்று ஜனங்கள் வாயில் புழங்கிய பாட்டு வகைகள்தான் உள்ளே இருக்கும்.

விற்கிறவரே பாடிக் காட்டுவார். சந்தை, திருவிழா, ரயிலடி, முச்சந்தி என்று கூட்டம் எங்கேயோ அங்கே அவர் இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

கொலையும் தற்கொலையும் மட்டும் அல்ல, ரயில் கவிழ்ந்தால் பாட்டு, புயல் அடித்தால் பாட்டு, பஞ்சம் வந்தால் பாட்டு. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டதே, அதற்கும் பாட்டு!

படித்தவர்கள் இதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. குப்பை என்றார்கள். அதனால் நூலகங்களும் சட்டை பண்ணவில்லை. வரலாற்று ஆசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இவற்றைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து, 'முச்சந்தி இலக்கியம்' என்று 2004-ல் புத்தகமே எழுதினார். அதன் பிறகுதான் பலருக்கு இதன் அருமை தெரிந்தது.

தடை போட்ட சர்க்காரே பாதுகாவலன்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு.

1867-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த அச்சாபீசில் எந்தப் புத்தகம் அச்சானாலும் சர்க்காருக்குப் பிரதி கொடுத்தாக வேண்டும். யார் என்ன எழுதுகிறான் என்று கண்காணிக்கவும் அது உதவியது. அப்படிப் போன பிரதிகளில் பல கப்பல் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தன.

1931 மார்ச் 23-ம் தேதி லாகூர் சிறையில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டுத் தெருக்களில் பகத்சிங் பாட்டுகள் பறந்தன. சர்க்கார் தடை போட்டது; பறிமுதல் செய்தது. பறிமுதலானவற்றில் பிரதிகள் கோப்புகளோடு தங்கிவிட்டன. இன்றும் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் தடை செய்யப்பட்ட புத்தகங்கள் என்று தனித் தொகுப்பே இருக்கிறது.

ஆசையோடு வாங்கியவன் வீட்டில் தொலைந்தது, பிடித்துக்கொண்டு போன போலீஸ் கையில் பிழைத்தது!

மூர் மார்க்கெட் வேட்டை

செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர் முத்தையா. 'ரோஜா ஆர்ட்ஸ்' என்ற பெயரில் விளம்பரப் பலகை எழுதினார். அதனால் ரோஜா முத்தையா ஆனார்.

1950 வாக்கில் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. பழைய புத்தகம் எங்கே கண்டாலும் வாங்குவது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் அவருக்கு வேட்டைக்காடு. (அந்த மார்க்கெட் 1985-ல் தீயில் அழிந்தது.) தொழிலில் வந்த காசு புத்தகமாக மாறிக் கோட்டையூர் வீட்டில் குவிந்தது.

நல்ல புத்தகம், மட்டப் புத்தகம் என்று அவர் தரம் பார்க்கவில்லை. அங்கேதான் அவர் பெரிய மனிதர். நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் எல்லாம் சேர்த்தார். அடுத்தவர் எறிந்ததை அவர் எடுத்து வைத்தார்.

1992-ல் அவர் காலமானார். அப்போது சேர்ந்திருந்தது ஏறக்குறைய ஒரு லட்சம்!

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டவில்லை. தமிழன் சொத்து தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று 1994-ல் சென்னையில் நூலகம் அமைந்தது. முதலில் முகப்பேர்; பிறகு தரமணி.

காகிதத்துக்கு வைத்தியம்

மட்டக் காகிதத்துக்கு ஆயுசு குறைவு. அதில் உள்ள அமிலமே அதை அரித்துவிடும். மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஆகவே முதலில் தூசு தட்ட வேண்டும். கிழிசலுக்கு மெல்லிய காகிதம் ஒட்ட வேண்டும். பிறகு பக்கம் பக்கமாக மைக்ரோபிலிம் எடுக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள். மூலப் புத்தகத்தை அடிக்கடி புரட்ட வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தே படிக்கலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை பட்டியல் போடுவது. எழுதியவர் யார், எந்த அச்சாபீஸ், எந்த வருஷம் என்று குறித்து வைக்காவிட்டால், லட்சம் புத்தகம் இருந்தும் குப்பை மேடுதான். தேடுகிறவன் கைக்கு வந்தால்தான் அது பொக்கிஷம்.

மெட்டு எங்கே?

இத்தனை செய்தும் ஒரு சங்கதி பிடிபடாமல் நழுவுகிறது. அதுதான் மெட்டு.

பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரம் கிடையாது. 'இன்ன பாட்டு மெட்டு' என்று தலைப்பில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு? அந்த மூலப் பாட்டே மறந்துபோனால், புத்தகம் ஊமை. எழுத்து இருக்கும், குரல் இருக்காது.

சிலவற்றுக்கு கிராமபோன் இசைத்தட்டு துணைக்கு வரலாம். மற்றதெல்லாம் வயதானவர்கள் தொண்டையில்தான் இருக்கிறது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி கதியும் இதேதான். காகிதத்தையாவது பழைய பேப்பர் கடையில் தேடலாம். ஒரு பாட்டி கண்ணை மூடினால், அவரோடு போன மெட்டை எந்தக் கடையில் தேடுவது?

பரணில் தூங்கும் சரித்திரம்

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் மூட்டையை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். தாத்தா காலத்துப் பாட்டுப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைக் கணக்கு என்று எது இருந்தாலும் சரி. எடைக்குப் போட்டால் ஒரு டீச் செலவு தேறும். நூலகத்துக்குப் போனால் பேரன் பேத்தி காலத்துக்கும் தேறும்.

பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. பாடச் சொல்லிப் பதிவு பண்ண ஐந்து நிமிஷம் போதும். பாடியவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும். இந்த நாலு விவரம் இல்லாத பதிவு, விலாசம் இல்லாத கடிதம்.

போர்டு எழுதிய சம்பாத்தியத்தில் ஒருவர் ஒரு லட்சம் சேர்த்தார். வீட்டுக்கு ஒரு பாட்டு சேர்க்க யாருக்கும் காசு செலவில்லை. ஆனால் பாட்டிமார்கள் காத்திருக்க மாட்டார்கள்!