குழாய் நீரை ஏன் கைவிட்டோம்?

எங்கள் தெருவில் விடியற்காலையில் கேட்கும் முதல் ஓசை, தண்ணீர் கேன்கள் இறக்கப்படும் ஓசைதான். வீடுதோறும் மாநகராட்சிக் குழாய் உண்டு. அந்நீரைச் சேமிக்கத் தரைத்தொட்டியும், மேலேற்ற மின்மோட்டாரும், மாடியில் மற்றொரு தொட்டியும் உண்டு. ஆனால், குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நானும் இதற்கு விலக்கல்லன்.

குழாய் நீரை நம்ப முடியாமல் போவதற்கு வறுமைதான் காரணமா? உலக அனுபவம் அவ்வாறு கூறவில்லை.

நீர் எங்கே கெடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்படும் நீரும் வழியில் கெடக்கூடும். குழாயில் இடைவிடாது அழுத்தத்துடன் நீர் ஓடினால், விரிசல் வழியே நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலுள்ள அழுக்கு எளிதில் உள்ளே புகாது. சில மணி நேரம் மட்டும் நீர் விட்டு நிறுத்தினாலோ, வெறுமையான குழாய்க்குள் அருகிலுள்ள கழிவுநீர் உறிஞ்சப்படுகிறது. கலந்திருக்கும் குளோரினும் அந்த அழுக்கோடு போராடித் தீர்ந்துபோகிறது. ஆகவே, 24 மணி நேர விநியோகம் என்பது வசதி மட்டுமன்று, பாதுகாப்பும்கூட.

போரால் சிதைந்த கம்போடியாவின் தலைநகர் நோம் பென் இதை உணர்த்தியது. 1993-இல் எக் சோன் சான் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, உற்பத்தியான நீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் வீணாயிற்று. அவர் இணைப்புகள் அனைத்துக்கும் மீட்டர் பொருத்தினார். திருட்டு இணைப்புகளைத் துண்டித்தார். செல்வாக்குமிக்கோரையும் கட்டணம் செலுத்த வைத்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை அளித்தார். வெளிநாட்டு உதவியும் துணைநின்றது. இழப்பு 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நாள் முழுவதும் குடிக்கத்தக்க நீர் கிடைத்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

செல்வம் மட்டுமே காவலாகாது என்பதற்குக் கனடாவின் வாக்கர்ட்டன் சான்று. மே 2000-இல் பெருமழை மாட்டுச் சாண எருவிலிருந்த கிருமிகளை அச்சிற்றூரின் கிணற்றில் சேர்த்தது. 7 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குளோரின் அளவைச் சோதிக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தது விசாரணையில் தெரியவந்தது.

ஆக, வேண்டியது கண்காணிப்பு. அதற்குக் கேள்வி கேட்போர் வேண்டும். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், தரம் குறைந்தால் மக்களுக்கு இரு வழிகள் உண்டு என்றார்: விலகிச் செல்வது, குரல் எழுப்புவது. விவரமறிந்தோர் விலகிவிட்டால் குரல் அடங்கிவிடும். கேன் தண்ணீருக்கு மாறிய நாம் விலகியவர்கள். எங்கள் வீட்டில் பணிபுரியும் அம்மையார் தம் குழந்தைகளுக்குக் குழாய் நீரையே தருகிறார். விலகிச் செல்ல அவரிடம் பணமில்லை.

ஒடிசாவின் புரி நகரில் 2021-இல் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் நாள் முழுவதும் வழங்கும் திட்டம் தொடங்கியது. நம் நாட்டில் இயலாது என இனிக் கூறுவதற்கில்லை. குடிநீர்க் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். நம் வார்டில் அந்த அளவு என்ன என்று வாரந்தோறும் வெளியிடுமாறு மாநகராட்சியிடம் கேட்போம். கேன் வாங்கும் நாம்தான் அதை முதலில் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.